அப்பாவுக்கு ஒரு வாய்

காக்காவுக்கு ஒரு வாய், நாய்க்குட்டிக்கு ஒரு வாய் என்று மகளுக்குக் கீரைச்சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள் சுகந்தி. "இது அப்பாவுக்கு ஒரு வாய்" என்றதும் நான்கு வயது யாழி உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"அப்பாதான் சாயங்காலம் வருவார்ல? அவரே திங்கட்டும்."

உருண்டையைப் பிடுங்கிக் கைக்குள் பொத்திக்கொண்டாள். பூச்சாண்டியைக் கூப்பிட்டும் விரல் பிரியவில்லை. மூடிய கையோடே விளையாடினாள், மூடிய கையோடே தூங்கினாள்.

சாயங்காலம் அப்பாக்காரன் செருப்பைக் கழற்றும்போதே எதிரில் போய் நின்று கையை விரித்தாள். சோறு பச்சையாகக் கசங்கிக் கிடந்தது.

"ஆ காட்டு."

"எனக்குத்தான் கீரை பிடிக்காதேடா குட்டி."

"ஆ காட்டுப்பா!"

அவன் தப்பிக்க வழி கேட்டு மனைவியைப் பார்த்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் தட்டோரம் ஒதுக்கிய கீரையை அள்ளிக் கொட்டிவந்த சுகந்தி, எழுந்துபோய் வாசல் கதவைத் தாழிட்டாள்.