கொசுறுக் கீரை

கீரைக்காரி முத்துப்பேச்சிக்கும் மாடிவீட்டுக்காரி சகாயத்துக்கும் நேற்று வாய்த்தகராறு. அதனால் இன்று முருங்கைக்கீரைக் கட்டை மட்டும் நீட்டினாள். வழக்கமாகப் போடும் கைப்பிடிக் கொசுறு இல்லை.

வண்டியை நகர்த்துவதற்குள் போன் அடித்தது. பேசியது, சகாயத்தின் ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் மாத்திரை அளந்து கொடுக்கும் கம்ப்யூட்டர்.

“அம்மா, இன்னைக்குக் கொசுறு விழலைன்னு கேட் கேமராவில பார்த்தேன். உங்க கொசுறையும் சேர்த்துத்தான் அவங்களுக்கு மாத்திரை அளக்கிறேன். கீரை மருந்தோட வேகத்தை அடக்கும்; அது குறைஞ்சா மருந்து ஓங்கிரும், ரத்தம் கசியும்.”

“அவ பேசின பேச்சுக்குக் கொசுறு வேற போடணுமாக்கும்!”

“சரிம்மா. உங்க கோவம் எத்தனை நாளைக்கு இருக்கும்? அதுக்குத் தக்கன மாத்திரையைக் குறைச்சுக்கிறேன்.”

முத்துப்பேச்சி யோசித்தாள். கேட்டருகே சகாயம் எங்கோ பார்த்தபடி நின்றிருந்தாள். அவள் கையிலிருந்த கூடையில் ஒரு கைப்பிடி கீரை அள்ளிப் போட்டுவிட்டு முத்துப்பேச்சி போனில் கத்தினாள்:

“இன்னையோட தீந்துச்சுன்னு போட்டுக்கோ!”