நூற்றுக்கு அறுபது

“அறுபது,” என்றார் அவர்.

எதிரே இருந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கேட்ட கேள்வி ஒன்றுதான். பட்டாசு ஆலையில் ஓர் அறை வெடித்தால், பக்கத்து அறையும் சேர்ந்து வெடிக்க நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு?

அதற்காகத்தான் அந்த இன்சூரன்ஸ் கம்பெனி அவரை ஏசி கோச்சில் சென்னைக்கு வரவழைத்திருந்தது. ஓய்வுபெற்ற ஆலை ஆய்வாளர். பத்தொன்பது வருடம் பட்டாசு ஆலைகளைச் சுற்றியவர். விபத்துக்கு எவ்வளவு பணம் ஒதுக்கி வைப்பது என்று கணக்குப் போடுகிறபோது, புள்ளிவிவரம் போதாத இடத்தில் இப்படி ஒரு நிபுணரைக் கூப்பிட்டு அவர் சொல்லும் எண்ணைப் போட்டுக்கொள்வது அவர்கள் வழக்கம்.

பிரிவுத் தலைவர் தாமோதரன் முந்திரி பக்கோடாத் தட்டை அவர் பக்கம் தள்ளினார்.

“சார், அறுபதுன்னா ரூம் வரிசை மொத்தமும் போகும்னு அர்த்தம். அவ்வளவு பணத்தை முடக்கினா எங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஒரு பன்னெண்டு?”

“எது பன்னெண்டு?”

“சரி, பதினஞ்சு.”

கத்தரிக்காய் பேரத்துக்குக்கூட ஒரு முறை உண்டு. காயைக் கையில் எடுத்து, காம்பைத் திருப்பி, சொத்தை என்று சொல்லிவிட்டுத்தான் விலையைக் குறைப்பார்கள். இங்கே காயை யாரும் தொடவே இல்லை.

பதினைந்து என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். ஒரு விபத்துக்கு ஓர் அறை. ஓர் அறைக்கு நான்கு பேர். நான்கு வீட்டுக்குப் பணம் இருக்கும்.

ஐந்தாவது வீட்டுக்காரி நஷ்டஈடு கேட்டு கலெக்டர் ஆபீஸ் படியில் உட்கார வேண்டியதுதான்.

பக்கோடாத் தட்டை எதிர்ப்பக்கமே தள்ளி வைத்தார்.

“நான் கண்ணால பாத்தவன்யா,” என்றார். “ரெண்டு ரூமுக்கும் நடுவுல காலி இடம்னு பேரு. அங்க வேப்பமரத்தடில ஆளுங்க உக்காந்து திரி வச்சுக்கிட்டு இருப்பாங்க. பக்கத்துலயே வெடிமருந்தைக் காயப் போட்டிருப்பாங்க. ஒரு ரூம்ல பொறி கெளம்பினா போதும். அறுபதே கம்மி.”

சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். வாய் கூசாமல் உயிருக்குப் பேரம் பேசுகிறவர்கள் மத்தியில் தான் ஒருவனாவது இருக்கிறோம் என்று இருந்தது. அந்த நினைப்பு இதமாகவும் இருந்தது.

தாமோதரன் பக்கத்தில் இருந்த சுகிர்தாதான் கணக்கைப் போட்டவள். மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள்.

“சார், நாங்களும் சும்மா சொல்லல. உங்க ஆய்வு அறிக்கை எல்லாம் வாங்கிப் படிச்சேன். முந்நூத்திப் பதினொண்ணு. எல்லாத்துலயும் ‘அறைகளுக்கு நடுவே இடைவெளி விதிப்படி காலியாக உள்ளது’ன்னு எழுதியிருக்கீங்க. அதை நம்பித்தான் நான் பத்துல ஆரம்பிச்சேன்.”

குரலில் குத்தல் இல்லை. நிஜமாகவே கேட்டாள். குத்தியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

திரையில் அவர் கையெழுத்து. அடியில் ஒரு கோடு, இரண்டு புள்ளி. ஒன்றன்கீழ் ஒன்றாக.

எல்லாம் ஆலை ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே எழுதியவை. “வெளிய வெயில் கொளுத்துதுங்க சார்,” என்பார் மேனேஜர். ஆமாம், வெயில்தான். இளநீர் வரும். சாப்பாடு வரும். தீபாவளிக்கு வீட்டுக்குப் பெட்டி வரும். போன வருட அறிக்கையைப் பார்த்து இந்த வருட அறிக்கையை எழுதுவார்.

வேப்பமரம் ஆபீஸ் ஜன்னல் வழியாகத் தெரியும். அதை அவர் கிட்டப் போய்ப் பார்த்தது ஒரே ஒரு முறை. ஓர் ஆலை வெடித்த மறுநாள்.

இரண்டு அறை போயிருந்தது. ஒன்பது பேர். கிளையில் ஒரு சேலைத் துண்டு தொங்கியது.

அன்றைக்கும் இடைவெளி விதிப்படி உள்ளது என்றே எழுதினார். மாற்றி எழுதினால் அதற்கு முன் எழுதியதெல்லாம் பொய்யாகிவிடும்.

மல்லாந்து படுத்துக்கொண்டு துப்பினால் மார்மேல்தான் விழும் என்பார்கள். விழுந்தது.

தாமோதரன் ஒரு படிவத்தை நீட்டினார். எண் எழுத ஒரு கட்டம். கீழே ‘காரணம்’ என்று மூன்று வரி இடம்.

“பத்துன்னா காரணமே எழுத வேண்டாம் சார். உங்க அறிக்கையே போதும். அறுபதுன்னாத்தான் எழுதணும்.” கொஞ்சம் நிறுத்தினார். “பென்ஷன் வாங்குறவரு. பாத்து எழுதுங்க.”

ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்.

அவர் பேனாவைத் திறந்தார். கட்டத்தில் அறுபது என்று எழுதினார்.

காரணம் என்ற இடத்தில் பேனா பழக்க தோஷத்தில் ‘இடைவெளி விதிப்படி’ என்று ஓடியது. அதை அடித்தார்.

‘ஆண்டு ஆய்வில் இடைவெளியை நான் போய்ப் பார்த்ததே இல்லை. பார்த்ததாக எழுதிய ஆலைகள்:’

முதல் ஆலையின் பெயரை எழுதினார். வருடத்தைப் போட்டார். அடுத்தது. அதற்கடுத்தது.

தலைகீழாகவே படித்துவிட்ட தாமோதரன் போனை எடுத்துக்கொண்டு எழுந்தார். “வேற நிபுணர் யாராவது இருக்காங்களா பாரு,” என்று கதவுக்கு வெளியே அவர் பேசுவது உள்ளே கேட்டது.

ஆய்வாளர் தலை நிமிரவில்லை. ஏழாவது ஆலையோடு மூன்று வரியும் தீர்ந்துவிட்டது.

“இன்னொரு தாள் குடும்மா.”

சுகிர்தா எழுந்து போய், பிரிண்டரைத் திறந்து, உள்ளே இருந்த தாள் அத்தனையையும் எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள்.