ஆடாத மேஜை

அன்று கடையில் இருந்தவர்கள் நான்கு பேர். காபிக் கடையை நடத்திய அக்கா. கல்லாவில் உட்காரும் அவளுடைய நாத்தனார். மேஜை நாற்காலிகளை எடுத்துப்போக வந்திருந்த பழைய சாமான் வியாபாரி. நான்காவது, மூடுகிற நாளும் விடாமல் வந்துவிட்ட ஒரே வாடிக்கையாளன்.

அவன் தட்டச்சுக்காரன். நீதிமன்ற ஒலிப்பதிவுகளைக் கேட்டு, யார் என்ன சொன்னார்கள் என்று ஒரு சொல் விடாமல் அடித்துக் கொடுப்பது வேலை. சாட்சி இருமினால் அடைப்புக்குறிக்குள் ‘இருமல்’ என்று போட வேண்டும். சிரித்தால் ‘சிரிப்பு’.

அவனுடைய அறையில் இந்த வேலை நடக்காது. கீழே தச்சுப் பட்டறை. அதனால் மடிக்கணினியையும் வழக்கு எண்கள் குறித்துவைக்கும் குறிப்பேட்டையும் தூக்கிக்கொண்டு அமைதியான கடை தேடி நகரம் முழுக்க அலைந்தான். ஒரு கடையில் ஓயாத பாட்டு. இன்னொன்றில் நாள் முழுக்கக் கொட்டை அரைக்கிற இயந்திரம். மூன்றாவதில் பக்கத்து மேஜைக்காரர் போனில் தன் சம்பந்தியைத் திட்டியது, இவன் அடித்த சாட்சியத்துக்குள்ளேயே புகுந்துவிட்டது.

தேறிய கடைகளைப் பற்றி இணையத்தில் எழுதிவந்தான். சொந்தப் பெயர் போடுவதில்லை. ஆயிரக்கணக்கானோர் படித்தார்கள். அதுவே வினையானது. அவன் ‘அமைதி’ என்று எழுதிய இடத்தில் பதினைந்தே நாளில் அவனுக்கு உட்கார இடமிருக்காது.

ஆகவே இந்தக் கடையைப் புகழ்ந்து ஒரு வரிகூட எழுதவில்லை.

எட்டு மாதம் வந்தான். ஜன்னலோர மேஜை அவனுடையது. உள்ளே நுழைந்ததும் அக்கா “வாங்க தம்பி” என்பாள். ஒரு நாளில் அவனைப் பார்த்து யாராவது பேசுவது அநேகமாக அவ்வளவுதான். மற்றதெல்லாம் காதுக்குள் பேசும் முகம் தெரியாத கட்சிக்காரர்கள்.

நாத்தனார் வேறு ரகம். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரிப்பாள். அவள் சிரித்தால் இவன் விரல் தானாக அடைப்புக்குறி போட்டு ‘சிரிப்பு’ என்று அடித்துவிடும். பிறகு அழிப்பான்.

நான்கு மாதமாக அழிக்கிற வேலை இல்லை. அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

அதற்குச் சற்று முன்னால் கடை நிரம்ப ஆரம்பித்திருந்தது. நல்லவேளை, அது நிலைக்கவில்லை. நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் ஏறியது. கதவில் தொங்கிய மணியைக் கழற்றினார்கள். கீலுக்கும் பூட்டுக்கும் எண்ணெய் விட்டார்கள். கடை, பஞ்சு அடைத்த காது மாதிரி ஆனது. அவனுக்கு வேலை ஓடியது. ஆட்கள்தான் வரவில்லை.

ஏன் என்று அக்கா இன்றுதான் சொன்னாள், கோப்பைகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டே.

யாரோ ஒரு புண்ணியவான் நெட்டில் எழுதிவிட்டானாம். கல்லாவில் இருக்கிற பெண் சிரித்தால் காது கிழிகிறது, கதவு முனகுகிறது, நாற்காலி கத்துகிறது, மேஜை ஆடுகிறது, காலுக்கு அட்டை மடித்துக் கொடுத்தால்தான் காபி சிந்தாமல் குடிக்கலாம் என்று. எல்லாவற்றையும் சரிசெய்தார்களாம். மேஜையைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆறு மேஜையையும் ஆட்டி ஆட்டிப் பார்த்தார்கள், ஒன்றுகூட ஆடவில்லை. போட்டிக் கடைக்காரன் வேலையாக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

அவன் ‘ச்சே’ என்றான்.

அக்கா மனம் விட்டுப்போகிற ஆள் இல்லை. அடுத்த மாதம் தங்கை வீட்டு முன்னறையில் சின்னதாகத் தொடங்கப்போகிறாளாம். இப்போதைக்கு யாருக்கும் சொல்லவில்லை. தம்பிக்கு மட்டும் விலாசம் எழுதிக் கொடு என்று நாத்தனாரிடம் சொன்னாள். ஒரு மூலையை அவனுக்கென்றே விட்டுவிடலாம் என்றாள்.

நாத்தனார் பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து எழுத ஆரம்பித்தாள்.

இனி எங்கே போய் உட்காருவது என்று மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாதவன் அவன். அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்தத் தடவை ஒழுங்காக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

வியாபாரி ஒவ்வொரு மேஜையாக இழுத்து, இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்தார். ஐந்து சரியாக இருந்தன. அவனை எழுந்திருக்கச் சொன்னார். அவன் மடிக்கணினியை நாற்காலியில் வைத்துவிட்டுக் குறிப்பேட்டோடு விலகியதும், ஜன்னலோர மேஜையை ஒரு முழம் நகர்த்தினார். ஆட்டினார்.

“அக்கா, இது ஆடுதே.”

பேனா நின்றது.

நாத்தனார் எழுந்து வந்தாள். மேஜைக் கால் இருந்த இடத்தில், தரையின் நிறத்துக்கே அழுக்கேறி, நாலாக மடித்த அட்டை ஒன்று கிடந்தது. எடுத்துப் பிரித்தாள். உள்ளே வரிசையாக வழக்கு எண்கள். அவன் கையில் இருந்த குறிப்பேட்டைப் பார்த்தாள். அதற்குப் பின்னட்டை இல்லை.

“அண்ணி” என்று மட்டும் சொன்னாள்.

அக்கா பார்த்தாள். ஏற்கெனவே சுற்றி வைத்த கோப்பையை எடுத்து மறுபடியும் சுற்றினாள்.

அவன் ஏதாவது சொல்லியிருக்கலாம். உங்கள் சிரிப்பு எனக்குப் பிடிக்கும், குறை சொல்ல வேறு பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். உண்மையும் அதுதான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

நாத்தனார் விலாசம் எழுதிய தாளை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். அட்டையை அவனிடம் நீட்டினாள்.

“உங்களோடது. விட்டுட்டுப் போயிடாதீங்க.”

மடிக்கணினியை மூடி எடுத்துக்கொண்டான். நாற்காலியை ஒதுக்கித் தள்ளினான். ரப்பர் சத்தம் காட்டவில்லை.

தெருவில் வண்டிகள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டு நின்றன. இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று தெரியாமல் அவன் வாசலிலேயே நின்றான்.

பின்னால் கதவு சாத்தப்பட்டது. திரும்பியபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கை சாவியைத் திருப்புவது தெரிந்தது. எண்ணெய் விட்ட பூட்டு. துளிச் சத்தம்கூடப் போடவில்லை.