எண்ணெய்த் துளையில் சந்தனம்

மத்தியான வெயில் கூரைக் கண்ணாடி வழியே இறங்கித் தையல் மிஷின்மேல் வட்டமாகக் கிடக்கிறது. பாதி தைத்த ரவிக்கை ஊசியடியில் நிற்கிறது; சக்கரம் அசைய மறுக்கிறது. விட்ட எண்ணெய் உள்ளே இறங்காமல் வெளியே வழிகிறது. ஆயுத பூஜையன்று பூங்காவனத்தின் கணவன் சுப்புராயன் விரலால் அப்பிய சந்தனம் துளையை அடைத்திருக்கிறது. மறுநாளே அவன் சைகோனுக்குக் கப்பல் ஏறிவிட்டான். அந்த விரல் ரேகையைத் துடைக்க அவளுக்கு இதுவரை மனம் வரவில்லை. “இன்னாடி, மிசினு சத்தத்தையே காணோம்?” வேலிக்கு அப்பாலிருந்து தனக்கொடி கேட்கிறாள். “எண்ணெ ஓட்டையில சந்தனம் அடைச்சிக்கினு கீதுக்கா.” “மண்ணெண்ண வுட்டு நோண்டி எடுடி.” மண்ணெண்ணெயில் நனைத்த ஊசி முனை பட்டு ரேகை பொடிப்பொடியாக உதிர்கிறது. சக்கரம் வழுக்கிக்கொண்டு சுழல்கிறது. வில்லியனூர் ஸ்டேஷனில் ரயில் ஊதி ஓய்கிறது. அவள் தைக்கவில்லை. உதிர்ந்ததை உள்ளங்கையில் அள்ளி முகர்கிறாள். மண்ணெண்ணெய் வாடைதான் அடிக்கிறது.