இன்று கடையில் கூட்டம்

"வாங்க மேடம், என்ன பாக்கறீங்க?" என்றார் என் கணவர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐந்து வயது மகளின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். முந்தின நாள் முழுக்க அவளுக்கு ஒரே பாடம்தான். கடையில் அப்பாவை அப்பா என்று கூப்பிடக் கூடாது, அங்கிள் என்று கூப்பிட வேண்டும். சரி சரி என்று தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலை நம்பி ஒரு டம்ளர் தண்ணீரைக்கூடக் கையில் கொடுக்க முடியாது.

கடையை வாங்க யாரோ வருகிறார்களாம். கூட்டத்தைப் பார்த்தால் அப்படியே நடத்துவார்கள், யாருக்கும் வேலை போகாது என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

கூட்டத்துக்கு எங்கே போவது? ஊரே போனில் விரலால் தள்ளித் தள்ளி வாங்குகிறது. ஊரைச் சொல்வானேன், எங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டியே பார்சலில் வந்ததுதான். கடைசியில், வேலை செய்கிறவர்களின் குடும்பங்களான நாங்களே வாடிக்கையாளர்கள் ஆகிவிட்டோம்.

போர்வைப் பிரிவில் கேஷியரின் மாமியார் ஒரே போர்வையை விரிப்பதும் மடிப்பதுமாக இருந்தார். வாட்ச்மேன் பூப்போட்ட சட்டையில், பழைய பேப்பர் திணித்த பையோடு எஸ்கலேட்டரில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். கரண்ட் செலவுக்குப் பயந்து நிறுத்தி வைத்திருந்த எஸ்கலேட்டர் அன்றைக்குத்தான் ஓடியது.

என் கணவர் ஓர் இஸ்திரிப் பெட்டியை எடுத்து எனக்கு விளக்க ஆரம்பித்தார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவருக்கு இந்தக் கவுண்டர்தான், வேறு வேலை தெரியாது. இது போனால் நாம் தெருவில்தான் என்று காலையில் சட்டைக்குப் பொத்தான் போடும்போது சொன்னார்.

வந்துவிட்டார்கள். இரண்டு பேர், பின்னால் மேனேஜர். நேராக எங்கள் பக்கம்.

விலை கேட்க வாயைத் திறந்தேன்.

அதற்குள் மகள் என் கையை உதறிவிட்டு ஓடிப்போய்க் கவுண்டரில் தொங்கினாள்.

"அப்பா, தூக்கு!"

கடை முழுக்க அப்படியே நின்றது. போர்வை பாதி மடிப்பில் நின்றது. மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. குழந்தையைக் கூட்டி வந்து என் கணவரின் பிழைப்பில் நானே மண்ணைப் போட்டுவிட்டேன் என்று நினைத்தேன்.

வந்தவர்கள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஒருவர் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர் கையிலிருந்த, தூரம் அளக்கும் சின்னக் கருவியை அமுக்கினார். எதிர்ச் சுவரில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது.

"குடோனுக்கு இந்த உயரம் போதும், அஞ்சு தட்டு அடுக்கலாம். இந்தக் கவுண்டரெல்லாம் எடுத்தாச்சுன்னா பார்சல் வண்டி பின்பக்கமா உள்ளயே வந்துரும்ல?"

வந்துவிடும் என்றார் மேனேஜர், தரையைப் பார்த்தபடி.

எங்களுக்கு நடுவில்தான் நடந்து போனார்கள். வழியில் நின்ற வாட்ச்மேனைச் சுற்றிக்கொண்டு போனார்கள், அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மகளை இன்னொரு முறை கத்தச் சொல்லலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது.

என் கணவருக்கும் எல்லாம் கேட்டிருக்கும். அவர் மகளைத் தூக்கவில்லை. இஸ்திரிப் பெட்டியையும் கீழே வைக்கவில்லை.

"ரெண்டு வருஷம் வாரண்டி இருக்கு, மேடம்," என்றார் என்னிடம்.