வாடிக்கையாளர் குறிப்பு

"இத்தனை நாள் நாம மட்டும் வெச்சிருந்த ரிப்பேர் ஆப், அடுத்த வாரம் வாடிக்கையாளர் கைக்குப் போகுது. அவங்களப் பத்தி நம்ம மெக்கானிக்குங்க எழுதி வெக்கிற இந்தக் குறிப்புப் பெட்டிய மட்டும் அவங்க கண்ணுல படாம மறைச்சிரும்மா," என்றார் மேனேஜர்.

"மறைக்க மாட்டேன் சார். அவங்களப் பத்தி அவங்களே எழுதட்டும்," என்றாள் டிசைனர். அவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான். வாய்க்கு மட்டும் இருபது வருட சர்வீஸ்.

"எந்த வீட்டுல என்ன வில்லங்கம்னு நம்ம மெக்கானிக்குக்குத் தெரிய வேணாமா?"

அவள் மளமளவென்று ஒரு ஃபோன் எண்ணைத் தட்டினாள். திரையில் அந்த வீட்டின் குறிப்பு வந்தது: 'சண்டைக்காரி. வாயைத் திறந்தாலே கத்தல். கடைசியில் போனால் போதும்.'

"பார்த்தியா? இது இல்லேன்னா நம்ம ஆளுங்க போய் மாட்டிக்கிட்டு முழிப்பாங்க!"

"ஏன் கத்துறாங்கன்னு யாராவது கேட்டீங்களா? அவங்களுக்குக் காது கேக்காது சார். தன் குரல் எவ்வளவு சத்தம்னு அவங்களுக்கே தெரியாது. அதுக்குத் தண்டனையா ஃபிரிட்ஜ் பதினோரு நாள் கெட்டுக் கிடந்துச்சு."

"இவ்வளவு விவரம் உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"அவங்க பெத்த பொண்ணு சார் நான்."

மேனேஜர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, அந்த வரியைத் தானே அழித்தார்.

"பெட்டிய முதல் பக்கத்துலயே வைம்மா. முதல் குறிப்ப உங்கம்மாவே எழுதட்டும்."

"எழுதுவாங்க சார். முதல் நாலு வரி உங்களுக்குத் திட்டுதான் இருக்கும், தாங்கிக்குங்க."