மஞ்சள் விழுந்த புல்

அன்று காலை புல்தரையில் நின்றவர்கள் தில்லைநாதர், அவர் மனைவி சறோஜினிதேவி, பக்கத்து வீட்டுக் கத்தரீனா, சங்கிலியில் அவளுடைய நாய் ஜிம்மி. விறாந்தைக் கதிரையில் தில்லைநாதரின் தகப்பன் அம்பலவாணரும் இருந்தார்.

"வேலணையிலை ஆரிட்டை இப்பிடிப் புல்லிருக்கு? பவுசர் லொறியிலை நல்ல தண்ணி எடுப்பிச்சு வளர்த்தனான். உம்மடை நாய் மூத்திரம் பெய்து கருக்கிப்போட்டுது. ஞாயிற்றுக்கிழமை மகளைப் பார்க்க லண்டன் மாப்பிள்ளை வீட்டார் வருகினம். எங்கடை மானம் என்னாகிறது?" என்று கத்தரீனாவிடம் பாய்ந்தார் தில்லைநாதர்.

"எந்நேரமும் கட்டிக் கிடக்கிற நாய், அண்ணை. அது எப்பிடி வேலி பாயும்?"

"தம்பி, திறப்பைத் தாவன்" என்று மகனிடம் கேட்டார் அம்பலவாணர்.

"சும்மா இருங்கோ ஐயா!"

மத்தியானம் தில்லைநாதர் மீன் தலைக்குள் மருந்து வைத்து வேலிக்கு மேலால் எறிந்தார். பொழுதுபடமுன் ஜிம்மி செத்துப்போனது.

மறுநாள் விடியப் பார்த்தால், புல்தரை நடுவில் அம்பலவாணர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு குந்தியிருந்தார்.

"என்ன ஐயா இது?"

"மாப்பிள்ளை வீட்டாருக்கெண்டு கக்கூசுக்கு மாபிள் பதிச்ச நாளிலையிருந்து பூட்டி வைச்சிருக்கிறாய். திறப்புக் கேட்டால் அதட்டுறாய். நான் எங்கை போறது?"

கருகிய இடங்களில் புதுப் புல் பதிக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் அதை மெச்சினார்கள். சம்பந்தம் முற்றாகியது.

அன்று முழுக்கத் தகப்பனைச் செத்த நாயின் சங்கிலியால் மாட்டுக்கொட்டிலில் கட்டி வைத்திருந்ததாக ஊரில் ஒரு கதை உலவுகிறது. அது பிழை. அயல்வீட்டுச் சாமானைத் தொடுகிற குடும்பம் அல்ல அது. கட்டியது சொந்த வீட்டு மாட்டுக் கயிற்றால்.